முகவரி நோட்டு யார் கையில்?

போன மாதம் ஒரு புத்தகக் கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, மாசத்துக்கு ரெண்டு தடவை நியூஸ்லெட்டர் மாதிரி ஒண்ணு அனுப்பலாம்னு இருக்கேன். சிறுகதை பத்தி, கொஞ்சம் மொழிபெயர்ப்பு, அப்படி. எதுல ஆரம்பிக்கலாம்?" நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நின்ற நாலு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். "சப்ஸ்டாக்ல போடு." ஒருத்தர் கூடவே ஒரு தத்துவமும் சேர்த்தார்: "எதுல போட்டா என்னப்பா, எழுத்துதானே முக்கியம்?" எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு சினிமாவுக்குப் போய்விட்டது.

இந்தக் கட்டுரை அந்த நாலு பேரோடு, குறிப்பாக அந்தத் தத்துவத்தோடு, சண்டை போடுவதற்காக.

"எதுல போட்டா என்ன" என்பது கேட்க அழகாக இருக்கும். எழுத்தாளன் கருவிகளைப் பற்றியெல்லாம் கவலைப்படக்கூடாது, அது கணக்குப்பிள்ளை வேலை என்கிற பழைய மேட்டிமை அதில் ஒளிந்திருக்கிறது. அதன் விலை என்னவென்று எனக்குத் தெரியும், நான் கொடுத்திருக்கிறேன்.

2011ல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு இணைய இதழ் ஆரம்பித்தோம். பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரைத் தேடினால் வருவது வேறு சரக்கு. டொமைன் ஒரு நண்பன் பெயரில் வாங்கினோம், ஏனென்றால் அப்போது எங்கள் நாலு பேரில் கிரெடிட் கார்டு அவனிடம்தான் இருந்தது. ஹோஸ்டிங்கும் அதே கணக்கில். 37 இதழ் கொண்டுவந்தோம். பிறகு ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு வெளிநாட்டு வேலை, ஒருவரோடு ஒருவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சிற்றிதழ்கள் எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றது. நின்றால் என்ன, பழைய இதழ்கள்தான் இணையத்தில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டோம்.

நண்பன் வேலை மாறினான். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவனுடைய பழைய அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெட்டியைத் திறக்க ஆளில்லை. கார்டு காலாவதியாகிவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் சில வாரம் பொறுத்துவிட்டு டேட்டாபேஸை அழித்தது. அவர்கள் மேல் தப்பில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. டொமைனை யாரோ எடுத்து ரம்மி விளையாடக் கூப்பிடுகிற பக்கமாக்கினார்கள். நான் இதைக் கண்டுபிடித்தது ஒரு வருடம் கழித்து, பழைய கட்டுரை ஒன்றின் சுட்டியை ஒருவருக்கு அனுப்பப் போனபோது.

எங்கள் இதழில் பதினோரு கவிதைகள் எழுதிய ஒருவர் இருந்தார். அச்சில் எங்கேயும் அதிகம் வந்ததில்லை. அவர் இறந்து சில மாதங்கள் கழித்து அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "தம்பி, சின்னதா ஒரு தொகுப்பு போடலாம்னு இருக்கோம். உங்க பத்திரிகையில வந்ததையெல்லாம் குடுக்க முடியுமா?" இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தோண்டினேன். ஏழு கிடைத்தது. மீதி நாலு இல்லை. அவர் கணினியில் வேர்டு ஃபைல் வைத்துக்கொள்கிற ஆள் கிடையாது, உள்நுழைந்து நேரடியாக எங்கள் தளத்தின் பெட்டியிலேயே தட்டச்சு செய்வார். அதை நாங்கள்தான் பழக்கினோம், "அதான் ஈஸி சார்" என்று. அந்த அம்மாவிடம் நான் என்ன சொல்ல? டொமைன் ரினியூ ஆகலே என்றா? தொகுப்பு ஏழு கவிதையோடு வந்தது.

ஆகவே, "எழுத்துதானே முக்கியம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எழுத்து முக்கியம்தான். அதனால்தான் கேட்கிறேன், அது எங்கே இருக்கிறது?

தமிழ் இணையத்தின் இருபத்தைந்து வருடத்துச் சரித்திரத்தை ஒருத்தர் எழுதினால் அதில் பாதி இடிபாடுகளின் பட்டியலாகத்தான் இருக்கும். தமிழில் ஆரம்ப காலத்துச் சொந்தப் பக்கங்கள் எத்தனையோ ஜியோசிட்டீஸில் இருந்தன, 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் இன்று நாம் படிக்கிற பல எழுத்தாளர்கள் முதன்முதலில் சண்டை போட்டுப் பழகினார்கள். யாஹூ 2019 இறுதியில் குழுமங்களின் பழைய மடல்களை அழிக்க ஆரம்பித்து, அடுத்த வருடம் டிசம்பரில் கடையையே மூடியது. கூகுள் ப்ளஸ் ஞாபகம் இருக்கிறதா? தமிழில் அங்கே நீளநீளமாக விவாதம் நடக்கும். 2019 ஏப்ரல் 2ம் தேதி அதுவும் போயிற்று. ஃபேஸ்புக்கில் நோட்ஸ் என்று ஒரு வசதி இருந்தது, நம்மாட்கள் அதில் கட்டுரை, சிறுகதை, ஏன் குறுநாவல்கூட எழுதினார்கள். 2020 அக்டோபர் 31க்குப் பிறகு அதில் புதிதாக எழுத முடியாது.

"அதெல்லாம் சோஷியல் மீடியா, நியூஸ்லெட்டர் வேற" என்பீர்கள். சரி, நியூஸ்லெட்டருக்கே வருகிறேன். டைனிலெட்டர் என்று ஒரு கருவி இருந்தது. சின்னது, இலவசம், எழுத்தாளர்களுக்கு ரொம்பப் பிடித்தது. 2011ல் மெயில்சிம்ப் அதை வாங்கியது. 2021ல் மெயில்சிம்ப்பை இன்ட்யூட் வாங்கியது, கணக்கு வழக்கு மென்பொருள் விற்கிற கம்பெனி. 2024 பிப்ரவரி 29ம் தேதி டைனிலெட்டர் மூடப்பட்டது. ரெவ்யூ என்று இன்னொன்று, நெதர்லாந்துக்காரர்கள் கட்டியது. 2021 ஜனவரியில் ட்விட்டர் வாங்கியது, ட்விட்டரை மஸ்க் வாங்கினார், 2023 ஜனவரி 18ல் ரெவ்யூ இல்லை. மெயில்சிம்ப்பின் இலவசத் திட்டத்தில் ஒருகாலத்தில் 2000 பேர்வரை சேர்க்கலாம், பிறகு அதை 500 ஆக்கினார்கள். யாரும் நம்மைக் கெடுக்கவேண்டுமென்று இதையெல்லாம் செய்யவில்லை. நாம் அவர்கள் கணக்கிலேயே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சப்ஸ்டாக். நான் அதைத் திட்டுவதற்கு முன்னால் நியாயமாக இருக்க முயற்சி செய்கிறேன். இலவசமாக அனுப்பினால் அவர்கள் ஒரு பைசா வாங்குவதில்லை. பத்து நிமிடத்தில் ஆரம்பித்துவிடலாம். சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலைக் கேட்டால் சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டுரைகளையும் இறக்கிக்கொள்ளலாம். இது சின்ன விஷயமில்லை. கட்டணச் சந்தா வைத்தால் 10% எடுத்துக்கொள்வார்கள், பணம் வாங்கித்தருகிற ஸ்ட்ரைப்பின் கட்டணம் தனி.

சிக்கல் அந்தப் பத்து சதவிகிதத்தில் இல்லை. 2023 ஏப்ரலில் சப்ஸ்டாக் நோட்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ட்விட்டர் மாதிரி ஓடுகிற ஓடை. அதிலிருந்து அந்த இடத்தின் குணம் மாறிக்கொண்டே வருகிறது. மின்னஞ்சலுக்குள்ளேயே "ஆப்பில் படி" என்று பொத்தான். சந்தாதாரர் என்று ஒரு சாதி, ஃபாலோயர் என்று ஒரு சாதி. சந்தாதாரரின் முகவரியை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம், ஃபாலோயரை எடுத்துக்கொண்டு போக முடியாது, அவர் அவர்களுடையவர். "எனக்கு ஆயிரம் பேர் இருக்காங்க" என்று சொல்கிற நண்பரிடம், அதில் மின்னஞ்சல் முகவரி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

அந்தப் பணம் வாங்குகிற வசதி, அதைச் சொல்லித்தானே எல்லோரும் சப்ஸ்டாக்குக்குக் கூப்பிடுகிறார்கள், அது நம்மில் பலருக்குக் கிடையவே கிடையாது. சப்ஸ்டாக்கில் கட்டணச் சந்தாவுக்கு ஸ்ட்ரைப் கணக்கு வேண்டும். 2024லிருந்து ஸ்ட்ரைப் இந்தியாவில் புதுக் கணக்கு கேட்கிறவர்களை அழைப்பின் பேரில் மட்டும்தான் சேர்க்கிறது. இலங்கை அவர்கள் நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ எழுதுகிறவருக்கு அந்தப் பொத்தானால் பயன் ஏதுமில்லை. படிக்கிறவர் பக்கமும் இதே கதை. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி மாறிய பிறகு, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பது இங்கே பெரிய தொல்லையாகிவிட்டது. என் வாசகர்களில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது யுபிஐ. ஒரு க்யூஆர் படத்தை மடலின் அடியில் வைத்து, "வருடத்துக்கு ஒரு தடவை, மனசிருந்தால்" என்று எழுதினேன். அதில் வந்ததுதான் எனக்கு இதுவரை வந்த பணம். மணியார்டர் காலத்துக்குத் திரும்பின மாதிரி இருந்தது. தப்பில்லை.

மணியார்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' ஆரம்பித்து 1970 வரை 119 இதழ் கொண்டுவந்தார். அவரைப் பற்றிப் பேசினால் நாம் எப்போதும் தியாகத்தைப் பற்றித்தான் பேசுவோம், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது, சொத்தை இழந்தது. அந்தக் காலத்துச் சிற்றிதழ் ஆசிரியர் எவரும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்த ஒரு தொழில் விஷயத்தைப் பேசமாட்டோம். அச்சகம் எது வேண்டுமானாலும் இருக்கலாம், கடன் தீரவில்லை என்று இந்த அச்சகக்காரர் விரட்டினால் அடுத்த தெருவில் இன்னொருவர். காகிதம் மாறும், அட்டை மாறும், ஊரே மாறும். சந்தாதாரர் முகவரி எழுதின நோட்டு மட்டும் ஆசிரியர் வீட்டு அலமாரியில் இருக்கும். அது இருந்தால் பத்திரிகை இருக்கிறது. அச்சகக்காரரே நோட்டையும் வைத்துக்கொண்டு, "முகவரியெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும் சார், நானே போஸ்ட் பண்ணிடறேன், இலவசமா" என்று சொல்லியிருந்தால் எந்த ஆசிரியராவது ஒத்துக்கொண்டிருப்பாரா? பழைய இதழ்களின் ஒரே கோப்புப் பிரதியையும் அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பாரா? நாம் விட்டுவிட்டு வருகிறோம்.

விளைவு என்ன தெரியுமா? ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய சிற்றிதழ்களைப் புரட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஈழத்து இதழ்களை நூலகம் தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். நாங்கள் 2013ல் போட்ட இதழ் இல்லை. கரையான் தோற்றது, கிரெடிட் கார்டு ஜெயித்தது.

சரி, கருவியை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? கம்பெனிகள் போடுகிற ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்க்காதீர்கள். அதில் டெம்ப்ளேட் எத்தனை, ஆட்டோமேஷன் உண்டா என்றுதான் இருக்கும். தமிழில் நீளமாக எழுதுகிற ஒருவனுக்குத் தேவையான கேள்வி ஒன்றுகூட இருக்காது. உதாரணமாக, ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகிற மடலை வெட்டிவிடும், அடியில் முழுமடலையும் பார்க்கச் சொல்லி ஒரு சுட்டி மட்டும் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8ல் மூன்று பைட். 'கொ' என்றால் ஆறு, 'ஸ்ரீ' என்றால் பன்னிரண்டு. நாலாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை எழுதினால் வெறும் எழுத்தே கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் கருவி தன் பங்குக்கு டெம்ப்ளேட், பொத்தான், ஒவ்வொரு பத்திக்கும் அலங்காரக் குறிமுறை என்று சுற்றிக் கட்டித் தரும். நீங்கள் ஒரு மாதம் உழைத்து எழுதின கட்டுரையின் கடைசிப் பகுதி வாசகருக்குப் போகவே இல்லை. அவர் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து, "முடிவு கொஞ்சம் சட்டென்று இருந்தது" என்று பதில் எழுதுவார். எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் அதைத் திறந்த முடிவு என்று பாராட்டினார்!

ஆகவே என் முதல் சோதனை எப்போதும் இதுதான்: என்னுடைய மிக நீளமான பழைய கட்டுரையை எடுத்து எனக்கே அனுப்பிப் பார்ப்பேன். வந்த மடலின் மூலத்தைத் திறந்து, என் சொற்கள் எவ்வளவு, கருவி ஏற்றிய சுமை எவ்வளவு என்று பார்ப்பேன். சில கருவிகளில் சுமை எழுத்தைவிட அதிகம். அலங்காரமில்லாத ஒற்றைப் பத்தி டெம்ப்ளேட் இருக்கிறதா என்பதுதான் அப்புறம் கேள்வி.

இன்னொன்று, முகவரிச் சுட்டி. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் அதையே சுட்டியாக்கிவிடும். அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக மாறும், மொத்தம் 200க்கு மேல் போனால் கத்தரித்துவிடும். 'புதுமைப்பித்தன் கதைகளில் மௌனம்' என்று தலைப்பு வைத்தால் 'புதுமைப்பித்தன்-கதைகளில' என்று நிற்கும், மௌனம் போய்விடும், 'ல்'லின் புள்ளியும் போய்விடும். அதை வாட்ஸாப்பில் ஒட்டினால் நாலைந்து வரிக்குக் குப்பை மாதிரி வரும், பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். ஆங்கில எழுத்தில் சின்னதாக நீங்களே ஒரு சுட்டி போட்டுவிடுங்கள். எந்தக் கருவி அதை அனுமதிக்காதோ அதை வேண்டாமென்று விடுங்கள். சாய்வெழுத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், தமிழைச் சாய்த்து அழகாகக் காட்டின டெம்ப்ளேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

"எத்தனை பேர் திறந்து படிச்சாங்கன்னு தெரியுமே" என்று ஓப்பன் ரேட்டைக் காட்டி ஒரு கூட்டம் கருவி தேர்ந்தெடுக்கும். அது எப்படி வேலை செய்கிறது? மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை வைப்பார்கள், அந்தப் படம் இறங்கினால் நீங்கள் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவர்களுக்கு, மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடும். ஜிமெயில் வெட்டின மடலில் அந்தப் படம் அடியில் இருந்தால் படித்தவர்கூடப் படிக்காதவர் ஆகிவிடுவார். பொய்க்கணக்கு இரண்டு பக்கமும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டுரையைச் சுருக்கின நண்பர்களை எனக்குத் தெரியும். நான் அதை அணைத்துவிட்டேன். படித்தார்களா என்று தெரியவேண்டுமென்றால் பதில் எழுதுவார்கள். எழுதாவிட்டால் போகட்டும். சந்தாதாரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, உறையைக் கிழித்தாரா என்று பார்க்கிற பழக்கம் சிற்றிதழ்க்காரனுக்கு எதற்கு?

நான் இப்போது வைத்திருப்பது இதுதான். சொந்த டொமைன், வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். அதில் வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள். சந்தாதாரர் பட்டியலுக்கு லிஸ்ட்மங்க். பெங்களூரில் ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதி 2019ல் வெளியிட்ட சுதந்திர மென்பொருள் அது, ஓளம் என்கிற மலையாள அகராதித் தளத்தைக் கட்டியவரும் அவர்தான். ஒரே ஒரு கோப்பு, ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மாதம் ஐந்தாறு டாலர் வாடகை சர்வரில் சத்தமில்லாமல் ஓடுகிறது. மடலை அனுப்பி வைப்பது மட்டும் அமேசானின் எஸ்இஎஸ் சேவை, ஆயிரம் மடலுக்கு 10 சென்ட். 600 பேருக்கு மாதம் இரண்டு மடல் என்றால் ஒரு டீக்காசுதான் ஆகும்.

"அமேசானைத் திட்டாம சப்ஸ்டாக்கை மட்டும் திட்டறியே" என்று கேட்பவர்களுக்கு: அமேசான் இங்கே தபால்காரர் மட்டும். நாளைக்கு அவரோடு தகராறு என்றால் வேறு தபால்காரரை வைத்துக்கொள்வேன், வாசகர் ஒருவருக்குக்கூட அது தெரியாது. நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. மடல் அனுப்புகிற சர்வரையும் நானே வைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம், நான் செய்து பார்த்தேன். யாரோ முன்பு ஸ்பாம் அனுப்பின ஐபி முகவரி உங்கள் தலையில் விழும், ஜிமெயில் உங்களைச் சந்தேகக் கேசாகவே நடத்தும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சான்றுகளை உங்கள் டொமைன் அமைப்பில் எழுதி வைக்கவேண்டும். நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்பதற்கான கைநாட்டு அது. மூன்று வரி, ஒரு மத்தியான வேலை. அமேசான் கணக்கும் முதலில் சோதனைக் கூண்டில்தான் இருக்கும், ஒருநாளைக்கு 200 மடல், அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். விண்ணப்பம் எழுதி வெளியே வரவேண்டும். எனக்கு இரண்டாவது தடவைதான் அனுமதி கிடைத்தது.

இது எல்லோருக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும். சர்வர் என்ற சொல்லே ஒவ்வாது என்றால் கோஸ்ட் இருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்பு, குறிமுறை திறந்தது, உங்கள் சந்தாவில் பங்கு கேட்பதில்லை, அவர்களே நடத்தித் தருவதற்கு மாதக் கட்டணம். சப்ஸ்டாக் நாஜிகளின் மடல்களுக்கும் இடம் தருகிறது என்ற சர்ச்சை வந்தபோது, 2024 ஜனவரியில் கேசி நியூட்டன் தன் பிளாட்ஃபார்மரைக் கோஸ்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார். அவரால் போக முடிந்ததற்குக் காரணம் முகவரிப் பட்டியல் அவரிடம் இருந்தது. கோஸ்டும் சொர்க்கமில்லை. அதைச் சொந்தமாக நிறுவிப் பார்த்தபோது மொத்தமாக மடல் அனுப்ப மெயில்கன் என்ற ஒரே சேவையோடுதான் அது பேசியது, பணம் வாங்க அதுவும் ஸ்ட்ரைப்பைத்தான் கேட்கும். பட்டன்டவுன் என்று இன்னொன்று, சின்னக் குழு நடத்துவது, அலட்டல் இல்லாதது. எதுவும் முடியாதென்றால் சப்ஸ்டாக்கிலேயே இருங்கள், ஆனால் 50 டாலர் ஒருமுறை கட்டி உங்கள் சொந்த டொமைனை அதில் மாட்டுங்கள். நாளைக்கு இடம் மாறினாலும் சுட்டி மாறாது. மாதம் ஒருநாள், ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலையும் கட்டுரைகளையும் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட இதைச் செய்ததில்லை. கேட்டுவிட்டேன்.

வாட்ஸாப் சேனல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ் வாசகர் மின்னஞ்சல் படிப்பதில்லை, வாட்ஸாப்தான் என்கிறீர்கள். பாதி உண்மை. சேனலில் யார் உங்களைத் தொடர்கிறார்கள் என்று உங்களுக்கே எண் தெரியாது, எடுத்துக்கொண்டு போக ஒன்றுமில்லை. தெருவில் நின்று தண்டோரா போட அது நல்ல இடம். குடியிருக்க இல்லை.

எனக்கு இன்னொரு கட்சியோடும் சண்டை இருக்கிறது. இவர்கள் நேர் எதிர். ஹ்யூகோவா ஜெகிலா ஆஸ்ட்ரோவா என்று மூன்று மாதமாக விவாதித்து, எழுத்துரு மாற்றி, இருட்டு வண்ணம் வெளிச்ச வண்ணம் எல்லாம் வைத்து, தளத்தைத் திறந்தால் "வணக்கம், இது என் முதல் பதிவு" என்று ஒன்றே ஒன்று இருக்கும். தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. இவர்களுக்காக நான் மேலே சொன்ன எதையும் சொல்லவில்லை. ஒரு வார இறுதிக்குள் முடியாத எந்த ஏற்பாடும் எழுதாமலிருக்கக் கண்டுபிடித்த சாக்கு. நானும் அந்தக் கட்சியில் இரண்டு வருடம் இருந்தவன்தான், உறுப்பினர் அட்டைகூட வைத்திருக்கிறேன்.

"எங்களுக்கு டெக்னிக்கல் தெரியாதுங்க" என்கிற கட்சிதான் மிகப் பெரியது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் ஆரம்பித்தபோது அதை ஒருங்கிணைத்த கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் செய்துகொண்டிருந்தவர். யூனிகோடு இங்கே காலூன்றாத நாட்களில் உமர்தம்பி தேனீ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். பாமினியிலும் திஸ்கியிலும் எழுதினதையெல்லாம் சுரதாவின் மாற்றியில் போட்டுப் போட்டு எடுத்த தலைமுறை இது. அவர்கள் யாருக்கும் எந்தக் கம்பெனியும் தமிழுக்கென்று வசதி செய்து தரும் என்று காத்திருக்க நேரமில்லை. இன்று நான் கேட்பது ஒரு டொமைன் வாங்குவது, மூன்று வரியை ஒட்டுவது, மாதம் ஒரு கோப்பை இறக்குவது. ரயில் டிக்கெட் தட்கலில் எடுக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாதென்றால் நான் நம்பமாட்டேன்.

ஒன்றை மட்டும் எந்த மென்பொருளும் செய்து தராது. டொமைன் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கவேண்டும். உங்கள் சுற்றத்தில் பொறுப்பான இன்னொருவர், உங்களோடு இலக்கியச் சண்டை போட்டாலும் போனை எடுக்கக்கூடியவர். புதுப்பிக்கிற தேதியை இரண்டு பேர் நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். எழுதுகிறவர்களிடம், "அனுப்புற கவிதைக்கு உங்ககிட்டயும் ஒரு பிரதி வச்சுக்கங்க சார்" என்று சொல்லுங்கள். இதை நாங்கள் 2011ல் செய்திருந்தால் வேறெதுவும் தேவைப்பட்டிருக்காது, கருவி எவ்வளவு மட்டமாக இருந்திருந்தாலும்.

அந்தத் தம்பி போன வாரம் கூப்பிட்டான். டொமைன் வாங்கிவிட்டானாம். லிஸ்ட்மங்க் பயமாக இருக்கிறது, இப்போதைக்குப் பட்டன்டவுனில் ஆரம்பிக்கிறேன் என்றான். சரி என்றேன். இரண்டாவது ஆளாக யார் பெயரைப் போட்டாய் என்று கேட்டேன். அக்கா பெயரையாம், அவள் கதையே படிக்கமாட்டாள், ஆனால் வீட்டில் இபி பில்லை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்றான். முதல் மடல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்கு ஸ்பாமில் விழுந்திருந்தது, எடுத்து உள்ளே போட்டேன். டிகிம் வரியில் ஒரு மேற்கோள்குறி அதிகம்.